பாய் கண்டுபிடித்த பிழை

மகள் கணினித் திரையைக் காட்டிக் குதித்தாள். "அப்பா, உங்க பேரு! ஆம்பூர்னு ஊர்கூட போட்டிருக்கு!" எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். இணையத்தில் என் பெயரைத் தேடி, ஒரு ஜப்பானியச் சதுரங்க நிரலின் பதிப்பு வரலாற்றைப் பிடித்துவிட்டாள். யாரும் இலவசமாக எடுத்து ஆடலாம், பிரித்துத் திருத்தலாம் என்று விட்டிருக்கும் நிரல் அது. எந்தப் பதிப்பில் எந்தப் பிழை சரியானது, யார் சொன்னது என்று வரி வரியாக எழுதி வைத்திருப்பார்கள். அதில் ஒரு வரியில் என் பெயர். திங்கட்கிழமை வகுப்பில் சொல்லப்போகிறேன் என்று அச்செடுத்தும் விட்டாள். ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது நான் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கணினி பார்த்துக்கொண்டிருந்தேன். தோலைத் தரம் பிரிக்கும் இடத்தில் பாய் ஒருவர் இருந்தார். ஜப்பானிலிருந்து சரக்குப் பார்க்க வந்த ஒருவர் மூன்று வாரம் தங்கினார். சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டி மேல் ஜப்பானியச் சதுரங்கப் பலகையை விரித்து அவரும் பாயும் ஆடுவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. காய்களெல்லாம் ஒரே வடிவம், மேலே இருக்கும் ஜப்பானிய எழுத்துதான் வேறுபாடு. ஆட்டுத்தோலில் ஊசிமுனை அளவுத் தழும்பைக் கண்டுபிடிக்கிற பாயின் கண்ணுக்கு அது எம்மாத்திரம்! அந்த மனிதர் ஊர் திரும்பியதும், "ஆட ஆளில்லாம பேஜாரா இருக்குப்பா" என்று பாய் புலம்பினார். அதற்காகத்தான் தொலைபேசிக் கம்பி வழியே, ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, அந்த நிரலை இறக்கினேன்.

வெட்டிய காயைத் தன் காயாக்கி மறுபடி பலகையில் இறக்கலாம் என்பது அந்த ஆட்டத்தின் அழகு. ஆனால் சிப்பாயை இறக்கி, அதே நகர்வில் அரசனை முடிக்கக்கூடாது என்பது விதி. ஒருநாள் கணினி அதைத்தான் செய்தது. "இன்னாப்பா இது! மெஷினே தில்லுமுல்லு பண்ணுது!" பாய் போட்ட சத்தத்தில் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. மூன்று நாள் சாப்பாட்டை விட்டுவிட்டு அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினார். அரசன் ஓரக் கட்டத்தில் இருந்தால் மட்டும் இப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தபோது அவர் கைதட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நகர்வுகளை எண்களால் குறித்து, நிரலை எழுதியவர்களுக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். முடிவில், கண்டுபிடித்தவர் பெயர் எழுத வேண்டும். விரல் நின்றுவிட்டது. ஆறு வருஷமாக எல்லாரையும்போல நானும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிறவரிடம் "உங்க பேரென்ன?" என்று கேட்க வெட்கம். என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் புதிய பதிப்பு வந்தது. "நம்ம வரி எங்கப்பா? இதுல எது என் பேரு?" என்றார். இதுதான் என்று என் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அன்று பிரிவு முழுவதற்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். இனி என்னை நம்பமாட்டாள் என்று நினைத்தேன். "பேரு கேக்க வெக்கமா? ஆறு வருஷமாவா?" என்றாள். பிறகு, "கெளம்புங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை, இப்போது நாங்கள் இருக்கும் வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம். பாய் வீட்டில்தான் இருந்தார், தாடி முழுக்க வெளுத்திருந்தது. நான் தலைகுனிந்து சொல்லி முடித்ததும் சிரித்தார். "தெரியும்பா. சரக்கு வெளிய போவ நீ போட்ற கேட்பாஸ்ல தினம் அந்தப் பேரைப் பாத்தவன் நான்."

"அப்ப ஏன் கேக்கல பாய்?"

"எல்லாருக்கும் சமோசா முன்னாடியே சொல்லி அனுப்பிட்டேனே. அதுக்கப்புறம் இன்னா கேக்குறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நோட்டைத் திறந்து, "உங்க முழுப் பேரு சொல்லுங்க தாத்தா" என்றாள். அவர் தன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். அவள் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் பாயின் கதையைத்தான் சொன்னாள். நிரலைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் எழுதினேன். பழைய வரியை அழிப்பது வழக்கமில்லை, அடுத்த பதிப்பில் திருத்தம் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. என் பெயர் அங்கே அப்படியே இருக்கும். அடுத்த பதிப்பு வந்த அன்றே ஆம்பூருக்கு ஓடினேன். அவர் பெயர் இருந்த வரியை மூச்சிறைக்கப் படித்துக் காட்டினேன்.

"இன்னா அவசரம்? மெதுவா படிப்பா" என்றார் பாய்.