திருப்பித் தைத்த கோட்டு

ஒருத்தருக்கு என்ன சம்பளம் என்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் டெய்லருக்குத் தெரிந்துவிடும். முந்நூறு ரூபாய்க்காரர் பேண்டுக்கு ஒட்டுப் போடச் சொல்வார். ஐந்நூறு ரூபாய்க்காரர், சட்டைக் காலர் நைந்தால் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைக்கச் சொல்வார். ஆயிரத்தைத் தொட்டவர் புதுத்துணியோடுதான் வருவார். அறுபதுகளில் தாராவியில் ஒரு சந்துக்குள் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். கத்தரி பிடித்த அண்ணன்மாரே, நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும். எல்லாம் ஒரே ஒரு கோட்டால் வந்த வினை.

ஆயிரம் போதும்

வைத்தியநாதன் சார் மாதுங்காவில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மாதுங்காவில் டெய்லருக்குப் பஞ்சமா? கூலி குறைச்சல் என்று ரயில் பாலம் தாண்டி என்னிடம் வருவார். ஒரு நாள் நல்ல சாம்பல் நிறக் கம்பளித் துணியோடு வந்து நின்றார். ஆபீசர் ஆகிவிட்டாராம், ஆயிரம் ரூபாயாம், செம்பூரில் ஃபிளாட்டாம், இனிமேல் கோட்டுப் போட்டுத்தான் போகணுமாம். பம்பாய் வெக்கையில் கோட்டு! அளவெடுக்கும்போதே முதுகெல்லாம் வேர்வை. "ஆயிரம்னா ராஜ வாழ்க்கைல்லா சார்!" என்றேன். அவர் கையைத் தூக்கியபடியே சொன்னார்: "இது போறும் செல்லையா. இதுக்கு மேலே பகவானைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தெருப்பக்கத்து ஜன்னல்

இரண்டு வருஷம் கழித்துத் திரை தைக்க என்னைச் செம்பூருக்கே கூப்பிட்டார்கள். சோபா, ரேடியோ, ஆளுயர ஃபிரிட்ஜ். மாமி ஒரு கிளாஸ் ஜில்தண்ணீர் கொடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். ஒரு கிண்ணம் தயிர், மூன்று பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். கிளப்புக்கு இவ்வளவு, இங்கிலீஷ் ஸ்கூலுக்கு இவ்வளவு, வேலைக்காரிக்கு இவ்வளவு என்று மாமியே பொரிந்து தள்ளினார். ஆயிரத்தைந்நூறாவது இல்லாமல் இந்தப் பேட்டையில் தலைகாட்ட முடியாதாம்.

மொத்தம் ஆறு ஜன்னல். நான் ஆறுக்கும் அளவெடுக்கப் போனேன். மாமி கையமர்த்தினார்: "தெருப்பக்கம் ரெண்டுக்கு மட்டும் போறும் டெய்லர். உள்ளே என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறா?"

நம் இருவருக்குள்

அதற்குப் பிறகு சார் வெகுநாள் வரவில்லை. வந்தபோது கக்கத்தில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் அதே சாம்பல் கோட்டு, முழங்கை வெளுத்து, ஓரமெல்லாம் நைந்து கிடந்தது. "இதைத் திருப்ப முடியுமா?" என்றார்.

காலர் திருப்புவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கோட்டைத் திருப்புவது அப்படியில்லை. ஒரு நூல் விடாமல் பிரித்து, உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி தைக்கணும். அப்போது இடது மார்பில் இருந்த பாக்கெட் வலது பக்கம் போய்விடும். விஷயம் தெரிந்தவன் அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். நான் அந்தப் பழைய பாக்கெட் வாயை அதே துணியின் நூலை உருவி இழையோடு இழையாக அடைத்து, இடது பக்கம் புதுப் பாக்கெட் வெட்டினேன். பத்து நாள் ஆயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், நானே தேடினால்தான் தெரியும். இடுப்பிலும் ஒன்றரை இஞ்சு பிடித்தேன். மனுஷன் அவ்வளவு இளைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார் போல. போட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பொண்ணு ஜெயாவுக்கு வரன் பார்க்கறோம் செல்லையா. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்."

பெரிய மனுஷர் ஒருத்தர்

ஒரு மாதம் போயிருக்கும். தாணேயிலிருந்து பெரிய மனுஷர் ஒருத்தர் சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்தார். ஜெயாவுக்குப் பார்த்த பையனுக்குச் சித்தப்பாவாம். பெண் பார்க்கப் போன இடத்தில் சாருடைய கோட்டைப் பார்த்து அசந்துபோய், டெய்லர் யாரென்று கேட்டு வந்திருக்கிறார். "இந்த மாதிரித் துணி இப்போ எங்கேயும் கிடைக்கறதில்லையே, எங்கே பிடிச்சார்?" என்று கேட்டார்.

என் வாயில் சனி. அந்தச் சந்தில் ஒட்டுப் போட்டே காலம் தள்ளுகிறவனை, ஒரு பெரிய மனுஷர் தேடி வந்து மெச்சுகிறார். தலைகால் புரியவில்லை எனக்கு. "துணி பழசுதான் சார், ஆறு வருசம் ஆச்சு. நான்தான் திருப்பித் தைச்சேன். வலப்பக்கம் பழைய பாக்கெட் இருந்த இடத்தைக் கண்டுபிடிங்க பாப்போம்!" என்று மார்தட்டினேன். அவர் என் தோளில் தட்டி, பலே என்றார். கொண்டுவந்த துணியை மட்டும் பையை விட்டு எடுக்கவே இல்லை. படி இறங்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "ஆயிரத்தைந்நூறு ரூபா ஆபீசர்னாளே!"

மறுபடியும்

வரன் தட்டிப்போயிற்று. கல்யாணத்தைத் தடபுடலாகச் செய்வார்கள் என்று நம்பி வந்தவர்களுக்கு, உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. காரணத்தையும் மறைக்காமல் சொல்லியனுப்பிவிட்டார்களாம். அந்தப் பேச்சு செம்பூர், மாதுங்கா முழுக்கப் பரவி, அடுத்து வந்த இரண்டு ஜாதகமும் திரும்பிப் போயின. ஜெயா டைப்பிஸ்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தது. இது எல்லாவற்றையும் சாரே என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையாக வந்தது. "என்னை மன்னிச்சிருங்க சார், என் வேலையை நாலு பேர் மெச்சணும்னு நாக்கு அரிச்சிட்டு," என்றேன்.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அதே கோட்டு. இந்தப் பக்கமும் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு துணியை ஒரு தடவைதான் திருப்பலாம் சார் என்றேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டாயிரம் இருந்தாத்தான் கௌரவமா இருக்க முடியும்னு நெனச்சிண்டிருந்தேன் செல்லையா. நீ அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்தச் சம்பளத்திலேயே ஒப்பேத்தியிருப்பேன்."

வசதியாக வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று இப்போதும் யாராவது என்னைக் கேட்டால், தையல்கூலி போக டெய்லர் வாயையும் சேர்த்துத் தைக்கிற அளவுக்கு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.