ஐஸ் தண்ணீர்

மலர்க்கொடியின் புடவை எப்போதும் ஈரமாக இருந்ததில் கல்மண்டபத்து மீன் மார்க்கெட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஐஸ் உருகிக் கூடையிலிருந்து மடியில் வடியும்; மீன் விற்கிறவள் புடவை காய்ந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மாமியார் கோவிந்தம்மா அதையே தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள், தன் மருமகள் புடவை காய்ந்து பார்த்ததே இல்லை என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் மலர்க்கொடிக்கு உடம்பு கூசும்.

இரண்டாவது பிள்ளையும் சிசேரியன்தான். பத்தாம் நாள் சிறுநீர் தானாகக் கசியத் தொடங்கியது. இருமினாலும் கசிந்தது, சும்மா இருந்தாலும் கசிந்தது. பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே டாக்டரானாள். கணவன் டில்லிபாபுவிடம் சொல்ல வாய் வரவில்லை. 'கலீஜ்' என்று அருவருத்து அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி இருப்பது? மூன்றாம் மாதமே கூடையைத் தூக்கிவிட்டாள். சுறுசுறுப்பானவள் என்று ஊரே மெச்சியது. ஈரத்தையும் வாடையையும் ஒளிக்க அதைவிட நல்ல இடம் ஏது?

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் நின்றன, கூடை கவிழ்ந்தது, படகில் போகிற டில்லிபாபுவும் வீட்டோடு இருந்தான். மீனைக் காப்பாற்றப் போட்ட சட்டம் மலர்க்கொடியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நாலாம் நாள் கோவிந்தம்மா அவளை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"மீனும் இல்ல, ஐஸும் இல்ல. பொடவ மட்டும் எப்டிம்மே நனைஞ்சிகீது?"

மலர்க்கொடி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டில்லிபாபு கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்த வார்த்தை வரப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இத்தினி மாசமா இத்த வச்சிகினா கூடய தூக்கின?" என்றான்.

மறுநாள் அவனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முதல் ஆபரேஷன் தழும்பில் மூத்திரப்பை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, இரண்டாவது முறை அறுத்தபோது அதில் காயம் பட்டது யாருக்கும் தெரியவில்லை, ஓட்டையைத் தைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று திட்டவும் செய்தார். தைத்த பிறகு மூன்று வாரம் மூத்திரம் வடிய டியூபும் பையும். அந்தப் பையையும் ஒயர் கூடையில் போட்டுத்தான் வார்டில் நடந்தாள். கூடை பிடித்த கை சும்மா இருக்குமா?

ஜூன் நடுவில் தடை முடிந்தது. மார்க்கெட்டில் உட்கார்ந்து அரை மணி ஆகவில்லை, மடியில் ஈரம் பட்டது. மலர்க்கொடிக்கு உயிரே போய்விட்டது. கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

பக்கத்தில் மீன் விற்ற ஜீனத், புடவை நனைகிறது, கூடையைத் தள்ளி வை என்றாள்.

"இருக்கட்டும்க்கா," என்றாள் மலர்க்கொடி. "ஐஸ் தண்ணிதான்."