பெருக்காத கராஜ்

பிளெய்ன்ஸ்பரோ ஊரைக் கடக்கும் வழியில், தோழியின் அக்கா மல்லிகா வீட்டில் ஒரு காபிக்கு நிறுத்துகிறேன். மே மாத மதியம். தெருவில் ஆள் அரவமே இல்லை. திறந்து கிடக்கும் கராஜ் வழியாக உள்ளே நுழைகிறேன். தரையெங்கும் மரங்கள் உதிர்த்த மகரந்தம் மஞ்சள் மாவாகப் படிந்திருக்கிறது.

சுவர் முழுக்க வட்ட வட்டமாகப் பந்துத் தடங்கள். அக்கா மகள் நித்யா கல்லூரி லக்ராஸ் அணியின் நட்சத்திரமாக இருந்தவள். வலை கட்டிய மட்டையால் பந்தை இந்தச் சுவரில் எறிந்து எறிந்துதான் பழகினாள். இப்போது ராணுவ விமானி.

"கராஜைப் பெருக்கறதே இல்லையாக்கா?"

"ஊருக்குப் போனவங்க ரீச் ஆயிட்டேன்னு சொல்ற வரைக்கும் பெருக்கக் கூடாதுல்ல? ஸ்னோ கொட்டிட்டிருந்தப்ப கிளம்பிப் போனா. எங்க போஸ்டிங்னு சொல்லக் கூடாதாம். இன்னும் ஒரு கால்கூட வரல."

காபியை வாங்கிக்கொண்டு குனிந்து பார்க்கிறேன். என் செருப்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே கனத்த ராணுவ பூட்ஸ் தடங்கள். வாசலிலிருந்து சமையலறைக் கதவுவரை போகின்றன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. நித்யா கிளம்பியது பனிக்காலத்தில். இந்த மகரந்தம் விழுந்ததோ இந்த வாரம்.

"அக்கா, வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டும்தான்."

அக்கா அந்தத் தடங்களை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து போய், மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுக்கிறாள்.

"காலைலயே பார்த்துட்டேன். இதை ரீச் ஆனதா எடுத்துக்கலாமா? பெருக்கிடலாமா, நீயே சொல்லு."