இரண்டரை மணி நேரத் தூரம்

என் வீட்டுக்காரர் ராஜ்மோகன் பதினோரு வருஷமாகக் கல்கத்தா கிடர்பூரில், கப்பல் சரக்கை எடுத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். "கப்பல்தான் வந்துடுச்சே, என் பெட்டி எங்கே?" என்று கேட்கும் ஆட்களிடம் எரிந்து விழுவார். கஸ்டம்ஸ், லாரி, ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் உங்கள் கணக்கில் வராதா என்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போன ஆவணியில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அறந்தாங்கியிலிருந்து போன் வந்தது. இவருடைய ஒரே அக்கா, என் நாத்தனார் மகேஸ்வரி அண்ணி, தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், கூடப்பிறந்தவன் கொண்டுவரும் கோடிச் சேலையைப் போர்த்திவிட்டுத்தான் எடுப்பார்கள். துர்கா பூஜோவுக்கு அண்ணிக்கு அனுப்பலாமென்று வாங்கி வைத்திருந்த புதுச் சேலையைப் பையில் வைத்தேன். ஆறரைக்குப் பவானிபூர் வீட்டைப் பூட்டும்போதே இவர், அண்ணியின் கணவர் சுந்தரத்தைப் போனில் கூப்பிட்டார்.

"கிளம்பியாச்சு மச்சான். நான் வராம எடுத்துடாதீங்க."

அங்கே யாரோ ஒரு மேதாவி செல்போனைத் தட்டிப் பார்த்தானாம். கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஆகாய வழியில் ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆக, ஒன்பதுக்குச் சென்னை, பத்துக்குத் திருச்சி, பன்னிரண்டுக்கு வீடு. விமானம் என்ன, எங்கள் வாசலிலா வந்து நிற்கும்? எங்களுக்கு இடம் கிடைத்ததே பத்தே கால் விமானத்தில். சென்னையில் திருச்சி விமானத்துக்காக இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தோம். இவர் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் இருந்தார். சாவு வீட்டில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

சாயங்காலம் ஆறரைக்குப் போய் இறங்கினால் வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். மூன்று மணிக்கே எடுத்தாயிற்றாம். இவருடைய பெரியப்பா மகன் ஒருவர் கடைத்தெருவில் வாங்கிய சேலையைக் கோடியென்று போர்த்திவிட்டாராம்.

"ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிரும்? எங்க அக்காவுக்கு நான் இருக்கேன்ல?" என்று இவர் கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

நானும் விடவில்லை. "ஏண்ணே, ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டாமா, காத்துக் கிடக்க வேண்டாமா? இதுகூடவா தெரியாது?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

சுந்தரம் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பன்னெண்டுக்கே எடுக்கச் சொன்னாங்க மாப்ளே. நான்தான் மூணு வரைக்கும் நிறுத்தி வச்சேன். உங்க அக்கா எப்பவும் சொல்லும்: 'என் தம்பி என்ன தூரத்துலயா இருக்கான்? ரெண்டரை மணி நேரந்தான். ஒரு போன் போட்டா வந்து நிப்பான்'னு. போன சித்திரையில ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் அதையேதான் சொல்லுச்சு. நாங்களும் அதை நம்பிட்டோம்."

எனக்கு வந்த கோபம் யார் மேல் போவதென்று தெரியாமல் எங்கள் மேலேயே திரும்பியது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி போனில், "எப்பப்பா வர்றே?" என்று கேட்பார். "ரெண்டரை மணி நேரம்தானேக்கா, எப்ப வேணாலும் வரலாம்" என்பார் இவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.