மேற்குச் சுவரில் நான் காட்டிய இடம்

அந்த இடத்தைக் காட்டியது நான்தான். வேறு யாரும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரக்காணத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு லாட்ஜ். அங்கே மோட்டார், பைப், கரண்ட் எல்லாம் என் பொறுப்பு. என் மனைவியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து துணி துவைப்பது அவள் வேலை. கரண்ட் அடிக்கடி போகிறது என்று முதலாளி கேஸில் ஓடும் ஏசி வாங்கினார். வெளியே வைக்கிற பெட்டி ஒரு பீரோ அளவு இருக்கும். அதற்குள் ஒரு இன்ஜின். சிலிண்டரிலிருந்து கேஸ் வரும், இன்ஜின் ஓடும், மேலே ஒரு குழாய் வழியாகப் புகை போகும்.

பெட்டியை மாட்ட கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் படம் போட்ட காகிதம் வைத்திருந்தார். கட்டடத்தை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், கடல் பக்கமாக வைக்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

உப்பளத்தில் ஆறு வருஷம் ஆயில் இன்ஜின் ஓட்டியவன் நான். இங்கே இரும்பு எதுவாக இருந்தாலும் சுவருக்கு மேற்கேதான் வைப்போம். பைக் அங்கேதான் நிற்கும், மோட்டார் அங்கேதான் இருக்கும், கேட்டைக் கூட அந்தப் பக்கம்தான் வைப்பார்கள். கடல் காற்று நேராகப் பட்டால் எந்த இரும்பும் தாங்காது. கேட்காமலே கை அந்தப் பக்கம்தான் போகும்.

"தம்பி, இது சென்னை இல்ல. அங்க வெச்சா ரெண்டு வருஷத்துல பொடியாயிடும். மேற்கால வைங்க."

"அங்க ஜன்னல் இருக்குதுண்ணா. புகை உள்ள போவும்."

"காத்து கெழக்கேர்ந்து அடிக்குது. புகை அப்படியே உப்பளத்துக்குப் போயிடும். இது கூடவா தெரியாது?"

முதலாளி என் பக்கம் பேசினார். புதுப் பெட்டி துருப்பிடிப்பதை எந்த முதலாளி விரும்புவார். கம்பெனிக்காரர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். காகிதத்தை என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஜன்னல் துணி துவைப்பவர்களின் அறை ஜன்னல். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் அங்கே கொஞ்ச நேரம் படுப்பார்கள். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் எல்லாம் பிசுபிசுப்பாகிவிடும், அதனால் அதை எப்போதும் மூடியே வைத்திருப்போம். மேற்கு ஜன்னல்தான் திறந்திருக்கும். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த சில நாளில் என் மனைவி தலைவலி என்றாள். வெயில் என்றேன். சோப்புத்தூள் வாசனை என்றேன். மற்ற இருவரும் வாந்தி வருகிறது என்று சொன்னதாக ஒருநாள் சொன்னாள். மூன்று பேரும் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருப்பீர்கள் என்று கிண்டல் செய்தேன். லீவு நாளில் வீட்டில் இருந்தால் தலைவலி இல்லை என்றாள். வேலை செய்ய வலிக்கிறது போல என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினேன்.

ஒருநாள் மற்ற இருவரும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் படுத்திருந்தாள். இறங்கி வந்தவர்கள் எழுப்பியும் எழவில்லை. ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது கண் பாதி திறந்திருந்தது, கால் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே கடல் பக்கம் ஓடினேன். காற்று முகத்தில் பட்டதும் வாந்தி எடுத்தாள். பாண்டிச்சேரிக்கு வண்டியில் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மூடிய இடத்தில் ஏதாவது இன்ஜின் ஓடியதா என்பது. ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் பேசினாள்.

அவள் பேசிய பிறகுதான் லாட்ஜுக்குத் திரும்பினேன். பெட்டியை நிறுத்தி, சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறிய பிறகு புகைக்குழாய் பக்கத்தில் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். கடல் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கட்டடத்தின் மேல் ஏறி வந்த காற்று இந்தப் பக்கம் இறங்கிச் சுழன்றது. ஊதுபத்திப் புகை உப்பளத்துக்குப் போகவில்லை. சுவரை ஒட்டித் திரும்பி, நேராக ஜன்னலுக்குள் போனது.

உப்பளத்தில் என் இன்ஜின் வெட்டவெளியில் ஓடியது. அதன் புகை கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறும். இது கண்ணுக்கும் தெரியவில்லை, பெரிதாக வாசனையும் இல்லை. இந்தப் புகை விஷம், ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது என்றுதான் அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. அன்றைக்குத்தான் படித்தேன்.

முதலாளி ஜன்னலை மூடிவிடச் சொன்னார். மூடினால் அந்தப் பெண்கள் எங்கே படுப்பார்கள், புகை வேறு சந்தில் நுழையாது என்று என்ன நிச்சயம் என்று கேட்டேன்.

"நீதான இடம் காட்டுன?"

"ஆமா. நான்தான். அதான் சொல்றேன், எடுக்கணும்."

பெட்டியை மாற்றாமல் அதை ஓட்ட மாட்டேன் என்றேன். இரண்டு நாள் முறைத்தார். பிறகு கம்பெனிக்காரரையே கூப்பிட்டு, கட்டடத்தை விட்டு நன்றாகத் தள்ளி, சுவர் எதுவும் இல்லாத இடத்தில் மேடை கட்டி வைத்தோம். பள்ளத்தில் கேஸ் தேங்கும் என்று சிலிண்டரையும் மேட்டிலேயே வைக்கச் சொன்னார் கம்பெனிக்காரர். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. உப்புக் காற்று பெட்டியை நேராக அடிக்கிறது. துருப்பிடிக்கட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் என் மனைவி கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அந்த ஆளு வேணாம்னு சொல்லியும் வெச்சியா?"

"ஆமா."

"நான் ஒருத்தி மட்டும் அங்க படுக்கல. அவங்க ரெண்டு பேரும்தான் படுத்தாங்க. போய் அவங்ககிட்டயும் சொல்லு."

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொருத்தி, தன் மகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் தன்னோடு அந்த அறையில்தான் படுக்க வைப்பதாகச் சொன்னாள். அவள் பிழிந்துகொண்டிருந்த போர்வையின் மறுமுனையை நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டாள்.