பச்சை வேனின் பிரேக்

அந்தத் தெருவில் ஸ்பேனர் என்றால் இரும்புச் சாமான் யார் நினைவுக்கும் வராது. நாலு வேன் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் மனிதர்தான் வருவார். கேலிக்கு வைத்த பெயர். அவரோ பட்டம் கொடுத்துக் கூப்பிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

நாலு வேனும் யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்டவை. முதல் வேனை வாங்கின புதிதில் ஒரு மெக்கானிக், "இதைக் காசு கொடுத்தா வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு ஒர்க்‌ஷாப் இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. மெக்கானிக் எல்லாம் திருடன் என்பது அவர் கட்சி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர் கையில் எது உடைந்தாலும் அது வண்டி செய்தவன் தப்பு. பூட்டி முடித்தபின் நாலு நட்டு மிஞ்சினால், "சும்மா கனத்துக்குப் போட்டிருக்கான்" என்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்துச் சலித்தவள் அவர் மனைவி. அவளுடைய டீ வடிகட்டி டீசல் வடிகட்டப் போய்விட்டது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் என்னென்னவோ ஊறிக் கிடக்கும். மதிப்பு என்று அவரிடம் அவளுக்கு மிச்சமிருந்தது கொஞ்சம்தான். ஆனாலும் லைசென்ஸ் எடுத்து, பச்சை வேனை அவளே ஓட்டினாள். பின்னால் சின்னப் பிள்ளைகள், முன்சீட்டில் தன் மகள்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. புதுச் சாமான் வாங்க மனசு வராது. சிவப்பு வேனின் வைப்பரைக் கழற்றி நீலத்துக்கு மாட்டுவார். நீலத்தின் பேட்டரி வெள்ளைக்குப் போகும். ஒரு வண்டியின் நோயைத் தூக்கி இன்னொரு வண்டிக்குள் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி பண்ணிட்டேன்" என்பார். இன்றைக்கு எந்த வண்டியில் எது இல்லை என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு முந்தின இறக்கத்தில் பச்சை வேனின் பிரேக்கை அவள் மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது, வேகம் குறையவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திழுத்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றினாள். நின்றது. மகளின் நெற்றி முன்னால் இடித்துப் புடைத்தது. பின்னால் ஒரே அழுகை. ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தாள்; வேறு யாருக்கும் அடியில்லை. எல்லாரையும் கைபிடித்து நடத்தியே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்கும் நடந்தே வந்தாள்.

அவர் சிவப்பு வேனுக்கு அடியில் படுத்திருந்தார்.

"பிரேக் பிடிக்கலைங்க. இறக்கத்துல."

"ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குமே," என்றார் அடியிலிருந்தே.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தவழ்ந்து வெளியே வந்தார். முகத்தில் வெட்கமோ பயமோ ஒன்றுமில்லை; பாடம் நடத்தப்போகிற தோரணைதான் இருந்தது. "வெள்ளை வண்டியில பிரேக் சிலிண்டர் போயிடுச்சு. உன் வண்டியோடதைக் கழட்டி அதுல போட்டேன். அதோடதை உனக்கு மாட்டினேன்."

"எனக்கு எதுக்கு?"

"வெள்ளை வண்டி டிரைவர் அதை எடுக்க மாட்டேன்னுட்டான். வெளியாளு, விட்டுட்டுப் போனா போனவன்தான். நீ வீட்டு ஆளு. பதமா ஓட்டுவே."

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள். இவர் சுண்ணாம்பை வீட்டுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். அவளுக்கு வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

"முன்சீட்டுல நம்ம பொண்ணு இருந்தா. நெத்தி வீங்கியிருக்கு."

"அதான் ஒண்ணும் ஆகலையே."

அவள் பச்சை வேனின் சாவியை அவர் முன்னால் நீட்டினாள். "வண்டி மணல்ல நிக்குது. ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்கும்னீங்கல்ல? வாங்க, மிச்ச இறக்கத்தை நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவர் சாவியைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "முதல்ல பிரேக் குழாய்ல இருக்கற ஏரை எடுக்கணும். அப்புறம் பிரேக் ஆயில் பார்க்கணும்..."

"நான் ஓட்டினப்போ எடுத்தீங்களா?"

"உனக்குப் புரியாதுடி." குரல் இறங்கிப்போயிருந்தது. "அந்த வண்டியில போய் எனக்கு ஏதாவது ஆயிட்டா, இந்தக் குடும்பத்தை யார் பார்க்கறது?"

சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. பதில் வருமென்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் எதிரிலேயே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஸ்கூல் வேன் வீட்டிலேருந்து பேசறேன். ஒண்ணு இறக்கத்துல நிக்குது, மூணு இங்கே இருக்கு. நாலையும் எடுத்துட்டுப் போயிடுங்க." மறுமுனையிலிருந்து ஏதோ கேட்டார்கள். அவள் கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அவர்கிட்ட எதுக்குண்ணே கேக்கணும்? வண்டி ஓட்டறது நான். நான்தான் சொல்றேன்."