நல்லையா பேசப் போன இடங்கள்

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிற நல்லையா, இந்த வருடம் பெப்ரவரியில் ஒருநாள், பயணி ஒருவரை நடுரோட்டில் இறக்கிவிட்டார். அந்த மனிதர் செய்த குற்றம் பெரிதல்ல. பின்னால் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தவர், நல்லையாவின் மனைவி மண்சரிவில் இறந்துபோனதைக் கேட்டுவிட்டு, "என்ன செய்யிறது, அவங்க விதி அவ்வளவுதான்" என்றார். வண்டி அங்கேயே நின்றது.

"எறங்குங்க."

"ஆஸ்பத்திரி இன்னும் தூரமா இருக்கே."

"நடந்து போங்க. அது உங்க விதி."

கிருஷ்ணம்மாவைக் கொன்றது விதி இல்லை என்று நல்லையாவுக்கு நிச்சயமாகத் தெரியும். போன வருடக் கடைசியில் விடாமல் பெய்த மழையில், அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு விழுந்தது. அதை முதலில் பார்த்தவள் கிருஷ்ணம்மாதான். தோட்ட ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். மழை விடட்டும், பார்க்கலாம் என்றார் பெரிய கிளாக்கர். மறுநாள் அவள் தன் குடையை அந்த வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தாள். பிடி வரைக்கும் இறங்கியது. அதே குடையோடு ஆபீசுக்குப் போய், சேறு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று காட்டினாள். "ஆபீசுக்குள்ள சேத்தக் கொண்டு வராத" என்றார் கிளாக்கர். மூன்றாம் நாள் காலையில் நல்லையா டவுனில் இருந்தபோது மலை இறங்கியது. கிருஷ்ணம்மாவை எடுப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், வெடிப்பைப் பற்றி யாருமே முறையிடவில்லை என்று கிளாக்கர் சொன்னார். அவர் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

அந்தக் கோபம் நல்லையாவின் உடம்பில் குடியேறிவிட்டது. டவுனில் ஒரு வாடகை அறை எடுத்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தினுஷாவோடு இருந்தார். பயணியை இறக்கிவிட்ட அன்று மாலையில், சோற்றில் உப்பில்லை என்று பீங்கான் தட்டைத் தூக்கி எறிந்தார். அது தினுஷாவின் காதை ஒட்டிப் போய்க் கதவில் மோதி உடைந்தது. அவள் அழவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, உடுப்பைப் பையில் அடுக்கினாள்.

"இந்தத் தடவ படல அப்பா. அடுத்த தடவ படும். நான் நாவுலைக்கு அத்தை வீட்டுக்குப் போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"நீங்க யார்கிட்டயாவது போய்ப் பேசுங்க. இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. பேச ஆரம்பிச்சீங்கன்னா வாறேன்."

இப்படிப் பேசுவதில் நல்லையாவுக்கு ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. மண்சரிவுக்குப் பிறகு அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரே நிற டீ-ஷேர்ட் போட்ட பிள்ளைகள் சிலர் வந்து, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார்கள். "எனக்குப் பிடிச்ச எடம் மண்ணுக்குள்ள கெடக்கு" என்று எழுந்து போனார் நல்லையா. அவர் போவதையும் ஒருத்தன் படம் பிடித்தான்.

இருந்தாலும் மகளுக்காக ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போனார். விடியற்காலையிலேயே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். டாக்டர் சிங்களவர், மரியாதையான மனிதர். பக்கத்தில் நின்ற ஊழியர் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொன்னார். வெடிப்பு, குடை, கிளாக்கர் என்று நல்லையா ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஊழியர் டாக்டர் பக்கம் திரும்பி, "நிந்த நெஹெ" என்றார். தூக்கம் இல்லையாம்.

நல்லையாவுக்குச் சிங்களம் தெரியும் என்பது ஊழியருக்குத் தெரியாது.

"நான் சொன்னது அவ்வளவுதானா?" என்று எழுந்து நின்று கேட்டார். "என் பொஞ்சாதிய ரெண்டு சொல்லுல முடிச்சிட்டீங்களே."

"சிங்களம் தெரியும்னா நீங்களே சொல்லியிருக்கலாமே" என்றார் ஊழியர்.

"சிங்களத்துல எனக்கு ஓட்டோ ஹயர் பேச வரும். கிருஷ்ணம்மாவப் பத்திப் பேச வராது."

மாத்திரை கிடைத்தது. தூக்கமும் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் கிளாக்கரின் முகத்தோடுதான் கண் விழித்தார்.

அடுத்துக் கண்டியில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைத் தேடிப் போனார். அவர் தன் தாயை இழந்து எப்படித் தேறினார் என்பதை நிறைய நேரம் சொன்னார். கடைசியில், "அந்த மனுஷன மன்னிச்சிருங்க, பாரம் எறங்கும்" என்றார்.

"அவரு மன்னிப்பே கேக்கலியே சார். கேக்காத ஆளுக்கு எப்படிக் குடுக்கிறது?"

திரும்பி வரும்போது ரெயிலில் இருந்தே மகளுக்குப் போன் போட்டு, மூன்று இடம் பார்த்தாயிற்று, இனி முடியாது என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை தினுஷா பொறுத்திருந்தாள்.

"செருப்பு வாங்கப் போறீங்க. மூணு கடையில அளவு சரிவரல. வெறுங்காலோடயா வருவீங்க? எங்க டீச்சர் ஒருத்தங்க பேர் தந்திருக்காங்க. இன்னொரு தடவ போய்ப் பாருங்க."

அவர் பெயர் அஸ்ரா. டவுனில் ஒரு மாடியறையில் வியாழக்கிழமைகளில் ஆட்களைப் பார்க்கிறார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நல்லையா உட்காராமலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தன வருசமா இந்த வேல பாக்குறீங்க, மிஸ்?"

"ஒம்பது வருஷம்."

"மன்னிக்கச் சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"நான் பேசுறது வெளிய போகுமா?"

"போகாது. ஆனா உங்கட உயிருக்கோ வேற ஆள்ர உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன். அத இப்பவே சொல்லி வைக்கிறேன். என்னோட ஒத்துவரலன்னாலும் சொல்லுங்க ஐயா, வேற ஆள நானே தேடித் தாறேன்."

நல்லையா உட்கார்ந்தார்.

இரண்டாம் வாரமே சண்டை வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, "உங்கட வேதனை எனக்கு வெளங்குது" என்றார் அஸ்ரா.

"என்ன வெளங்குது? உங்க வீட்டுல யாரு மண்ணுக்குள்ள போனாங்க?" கீழ்த் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அஸ்ரா பேனாவைக் கீழே வைத்தார். "ஒருத்தரும் போகல. எனக்கு வெளங்கல. அப்படிச் சொன்னது என்ட பிழை. நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

மலை இறங்கிய நாளிலிருந்து 'என் பிழை' என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் குடையைப் பற்றி முழுக்கச் சொன்னார். அது கிருஷ்ணம்மா தீபாவளிக்கு வாங்கிய நீலக் குடை என்பதையும் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. அஸ்ரா ஒரு சொல்லையும் சுருக்கவில்லை.

கிளினிக் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னதை நல்லையா கேட்டுக்கொண்டார். ஆனால் கோபம் குறையவில்லை. ஒரு வியாழக்கிழமை, காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் பார்க்கக் கிளாக்கரை அடிக்கப் போவதாகச் சொன்னார்.

"உயிர எடுக்கவா நினைக்கிறீங்க?" அஸ்ரா நேராகவே கேட்டார்.

"இல்ல. ஒரு அற. எல்லாரும் பாக்கணும்."

"அடிச்சா அடுத்த நாள் ஊர்ல எதப் பத்திப் பேசுவாங்க? வெடிப்பப் பத்தியா, அறையப் பத்தியா?"

நல்லையாவுக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. "அப்ப என்னை அடங்கிப் போகச் சொல்றீங்க."

"இல்ல. உங்கட கோவம் நியாயம். ஆனா இப்ப அது தினுஷாட காதுப் பக்கமாப் போகுது. போக வேண்டிய எடம் எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. விசாரணையைத் திரும்ப எடுக்கும்படி மனுக் கொடுத்தார். கிருஷ்ணம்மா குடையோடு போனதைக் கண்ட இரண்டு பெண்களிடம் நடையாய் நடந்து, சாட்சி சொல்லச் சம்மதிக்க வைத்தார். மாடியறையில் பேசிப் பேசிப் பழகினார். குரல் உடைந்த இடங்களில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்கினார்.

ஜூலையில் விசாரணை நடந்தது. இரண்டு நாற்காலி தள்ளிக் கிளாக்கர் இருந்தார். நல்லையா கையை மடியிலேயே வைத்திருந்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். அதிகாரி எழுதி முடித்ததும், "எழுதினத எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க" என்றார் நல்லையா. வாசித்ததில் குடை இல்லை. "குடைய எழுதுங்க ஐயா. எழுதினாத்தான் கையெழுத்து வைப்பேன்." எழுதினார்கள். கிளாக்கர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பு மேலிடத்துக்குப் போனது. போன இடத்தில் கிடக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தினுஷா சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலையில் நாவுலை பஸ் ஏறுகிறாள். மற்ற நாட்களைப் பிறகு பார்க்கலாம் என்கிறாள். அவள் வரத் தொடங்கிய இந்த மூன்று மாதத்தில் வீட்டில் எதுவும் உடையவில்லை.

போன வியாழக்கிழமை நல்லையா மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். "இன்னைக்கு அந்த மேலிடத்துக்காரனுங்களப் பத்தித்தான், மிஸ். சத்தமாத்தான் பேசுவேன்."

அஸ்ரா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேசுங்க."